'வராதீங்க' என்று சொன்னவரோடு கோவளம் கடலுக்குள்

இந்த ஆண்டு ஜனவரியில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, கடலுக்கு அடியில் போய்ப் பார்க்கப் போவதாக என் மனைவி நசீமா அறிவித்தாள். அவள் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். ஆசிரியர் அறையில் ஒரு சக ஆசிரியை தன் அந்தமான் ஸ்கூபா காணொளியை ஒரு பருவம் முழுக்கப் போட்டுக் காட்டியது ஒரு காரணம். இன்னொரு காரணம் தண்ணீர். எங்கள் வீடு முடிச்சூரில். அந்தப் பெரிய வெள்ளத்தின்போது இரண்டு நாள் எதிர்வீட்டு மொட்டை மாடியில் இருந்தோம். அதற்குப் பிறகு நசீமா எந்தத் தண்ணீரோடும் நெருங்கிப் பழகியதில்லை. கோவளத்துக்குப் போனாலும் அலையிலிருந்து பத்தடி தள்ளி நின்று, பரீட்சை மேற்பார்வை பார்ப்பதுபோலக் கடலைப் பார்த்துவிட்டு வருவாள்.

"உள்ள என்னதான் இருக்குன்னு ஒரு தடவை பாத்துடணும்," என்றாள். "பாத்தா பயம் போகணும், இல்லன்னா உறுதியாகணும். ரெண்டுல எதுவானாலும் சரி. ஆனா ஒரே ஒரு தடவைதான். சரியா வரலன்னா அப்புறம் இந்தப் பேச்சை வீட்ல யாரும் எடுக்கக் கூடாது."

மகன் கோயம்புத்தூரில் படிப்பதால், வீட்டில் யாரும் என்றால் நான் மட்டும்தான்.

ஆகவே யாரோடு போவது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதற்கு இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். கடலோர விடுதிகள் நடத்தும் டைவிங் மையங்கள் ஒரு வகை. ஒரு படகு, நாலு சிலிண்டர், ஒரு கைப்பேசியோடு தனியாகத் தொழில் செய்பவர்கள் இன்னொரு வகை. இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். அதை நீங்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, பதினோரு அம்சங்களை ஒப்பிட்டேன். தூரம், கட்டணம், கழிப்பறை, கார் நிறுத்துமிடம், இணையத்தில் நட்சத்திரம் எத்தனை என்று நீண்ட பட்டியல். பதினொன்றில் ஒன்பதில் விடுதி ஜெயித்தது. தலைக்கு 6,500 ரூபாய்: ஒரு நாள் நீச்சல் குளத்தில் பயிற்சி, இன்னொரு நாள் கடல், காலை உணவு, காணொளி. பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, மிகவும் மரியாதையானவர்கள் என்பதுதான் பிரச்சினை.

ஜனவரி கடைசி ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காரில் கிளம்பினோம். முடிச்சூரிலிருந்து வண்டலூர், அங்கிருந்து கேளம்பாக்கம், பிறகு கோவளம். முப்பத்தி நாலு கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். இறங்கியதும் நெற்றியில் சந்தனம் வைத்து, கையில் இளநீர் கொடுத்து, மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டையையும் கட்டினார்கள். துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். கடலுக்குள் போக ஒரு மனிதருக்கு வேண்டியதெல்லாம் கரையிலேயே கிடைத்தது.

வரவேற்பில் இருந்த பெண் நாலு பக்கப் படிவம் ஒன்றைத் தந்தாள். ஆஸ்துமா உண்டா, காதில் கோளாறு உண்டா, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். நான் சாப்பிடுகிறேன். பேனாவோடு யோசித்தேன்.

"எல்லாத்துக்கும் 'நோ' போட்டுடுங்க சார்," என்றாள் அந்தப் பெண், உதவும் குரலில். "எஸ் போட்டா டாக்டர் லெட்டர் கேப்பாங்க. ப்ராசஸ் லேட்டாகும்."

ப்ராசஸ் லேட்டாகக் கூடாது என்று நானும் ஒரு நல்ல குடிமகனாக எல்லாவற்றுக்கும் 'நோ' போட்டேன்.

நீச்சல் குளத்தில் எட்டுப் பேருக்கு ஒரு பயிற்சியாளர். பெண்களுக்கு முதல் குழு. ரப்பர் உடை கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடியது; நசீமா அதன் மேல் நீச்சல் தொப்பியும் போட்டுக்கொண்டு, "எங்க ஸ்கூல் யூனிஃபார்மைவிட அடக்கமா இருக்கு," என்றாள். கண்ணையும் மூக்கையும் மூடும் முகமூடியைக் கொடுத்தார்கள். அது கண்ணாடிக்கு மேல் உட்காராது. ஆகவே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். நான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிழலில் உட்கார்ந்து லைம் சோடா குடித்தேன்.

இங்கே என்னைப் பற்றி ஒரு விவரம் சொல்ல வேண்டியிருக்கிறது. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையில் இருபத்தி மூன்று ஆண்டுகளாக நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன்.

ஆறாவது நிமிடத்தில் நசீமா தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து நின்றாள். குளத்தின் ஆழம் நாலடி. வாய்க்குழாயைத் துப்பிவிட்டு, பிடிமானத்தைத் தேடிக் கையால் காற்றைத் துழாவிக்கொண்டு வெளியே வந்தாள். பயிற்சியாளர், "ஒண்ணும் ஆகாது மேடம், ரிலாக்ஸ்," என்றார். அவள் உடை மாற்றிக்கொண்டு வந்து, "போதும்," என்றாள். விடுதியில் அவளுக்கும் சேர்த்து ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில், நீருக்கடி உலகத்துக்கு அவளை வரவேற்பதாகப் போட்டிருந்தது.

கேளம்பாக்கம் சிக்னலில் நின்றபோது நசீமா சொன்னாள்: "நான் பயந்துட்டேன்னு நினைக்காதீங்க. அந்த ஆளு கையால என்னமோ காட்டினாரு. எனக்கு மசமசன்னு ஏதோ அசையறதுதான் தெரிஞ்சுது. தண்ணிக்குள்ள மசமசன்னு ஒண்ணு கையை ஆட்டினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறரை. அந்தக் கண்ணாடியைச் செய்து கொடுத்ததே நான். கழிப்பறை உட்பட பதினோரு அம்சங்களை ஒப்பிட்டவன், என் மனைவிக்குக் கடல் தெரியுமா என்பதை மட்டும் ஒப்பிடவில்லை.

"உங்க கடைக்கு ஒருத்தர் வந்தா முதல்ல என்ன கேப்பீங்க?" என்றாள்.

"பவர் எவ்வளவுன்னு."

"நல்லது," என்று சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டாள்.

ஒரே தடவைதான் என்ற அவளுடைய விதி அன்றோடு முடிந்திருக்க வேண்டும். மறுநாள் அவளிடம் ஒரு வாதம் வைத்தேன். அவள் இன்னும் பார்க்கவில்லை, ஆகவே அது ஒரு தடவை என்று கணக்காகாது. நசீமா வெகுநேரம் யோசித்தாள். "வாதம் சரியாதான் இருக்கு. ஆனா நாலடித் தண்ணியிலேயே இப்படின்னா, நடுக்கடல்ல இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, அப்புறம் நான் பக்கெட் தண்ணியைக்கூட நம்ப மாட்டேன். அதைத் தெரிஞ்சுக்கிட்டு தேடுங்க," என்றாள்.

இந்த முறை நான் ஒரே ஒரு கேள்வியோடு தொலைபேசினேன். பவர் லென்ஸ் போட்ட முகமூடி இருக்கிறதா? சிறிய ஆட்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று யாராவது நினைத்தால், நீலாங்கரையில் நான் பேசிய ஒருவரின் பதிலைக் கேளுங்கள்: "கண்ணாடியைப் போட்டுகினே மேல மாஸ்க் போட்டுக்கலாம் சார். நல்லா இறுக்கிக் கட்டிட்டா நிக்கும்." தொழில்முறையில் அதற்கு மேல் கேட்க முடியாமல் தொலைபேசியை வைத்தேன்.

கடைசியில் எனக்கு லென்ஸ் தரும் மொத்த வியாபாரிதான் ஒரு ஆளைச் சொன்னார். கோவளத்தில் தேசிங்கு என்று ஒருவர், மீன்பிடிக் குடும்பம், டைவிங் பயிற்சியாளராகத் தேர்வு எழுதி வந்தவர், மைனஸ் லென்ஸ் போட்ட முகமூடிகளைப் பெட்டியில் வைத்திருக்கிறார். தொலைபேசியில் நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தேசிங்கு கேட்டார்: "யாரு பாய் எறங்கப் போறது? கண்ணாடி போடுவாங்களா? பவர் இன்னா?" எனக்கு வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது.

கட்டணம் தலைக்கு 4,500. முன்பணம் கிடையாது. கேளம்பாக்கத்தில் ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சி, குளத்து வாடகை ஒரு மணிக்கு 600 நம்முடையது. அதே நாலு பக்கப் படிவம் இங்கேயும் உண்டு. தேசிங்குவின் மனைவி குமாரி அதை வரிவரியாகத் தொலைபேசியில் வாசித்துக் கேட்டார். இருபத்தைந்து நிமிடம் ஆனது. என் ரத்த அழுத்த மாத்திரையைச் சொன்னதும், "டாக்டர் லெட்டர் வேணும் அண்ணா. இல்லாட்டி நீங்க படகுல குந்திக்கலாம்," என்றார். தாம்பரத்தில் எங்கள் டாக்டர், எதற்குக் கடிதம் என்று கேட்டார். கடலுக்குள் போக என்றேன். "மேலயா, உள்ளயா?" என்று கேட்டுவிட்டு, அழுத்தத்தை இரண்டு முறை பார்த்து எழுதிக் கொடுத்தார்.

பிப்ரவரி மூன்றாம் சனிக்கிழமை குளத்துப் பயிற்சி. முதலில் நசீமாவுக்கு மட்டும் ஒரு மணி நேரம், பிறகு எனக்கு. மைனஸ் ஆறரை முகமூடியைப் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை மட்டும் உள்ளே வைக்கச் சொன்னார் தேசிங்கு. வேறு எதுவும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் கழித்துத் தலையைத் தூக்கினாள்.

"மூணாவது வரிசையில டைல்ஸ் கோணலா ஒட்டியிருக்காங்க," என்றாள்.

"அதேதான் அக்கா," என்றார் தேசிங்கு. "ஆறு வருசமா நான் பாக்கறேன், யாரும் சொன்னதில்ல." பிறகுதான் காற்றுக்குழாயை அவள் வாயில் வைத்தார்.

இனி கடல்தான் என்று மறுநாளே கிளம்பத் தயாரானோம். காலை 4.40க்குத் தொலைபேசி வந்தது. "பாய், வராதீங்க. தண்ணி சேறாட்டம் கீது. டார்ச் அடிச்சு எறங்கிப் பாத்தேன், கையை நீட்னா கையே தெரியல."

அடுத்த ஞாயிறு 4.35. "தண்ணி தெளிவா கீது பாய். ஆனா அடியில இழுப்பு ஜாஸ்தி. அக்காவுக்கு வேணாம். வராதீங்க."

மூன்றாவது ஞாயிறும் வராதீங்கதான். என் தொழில் வாழ்க்கையில், வாடிக்கையாளரை வராதே என்று சொல்லும் வியாபாரியை நான் பார்த்ததில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் கடை பூட்டியிருந்தாலும் ஷட்டருக்குக் கீழே குனிந்து "வாங்க வாங்க" என்பவர்கள் நாங்கள். இவரிடம் படகு உண்மையிலேயே இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த மூன்று ஞாயிறுகளிலும் விடுதியிலிருந்து வாட்ஸப் தவறாமல் வந்தது: கடல் கண்ணாடி போலத் தெளிவு, சில இடங்களே மீதம், இருபது சதவீதத் தள்ளுபடி. இரண்டும் ஒரே கடல், இடையே ஒன்றரை கிலோமீட்டர்.

நான் விடுதி பக்கம் கொஞ்சம் சாயத் தொடங்கியதை நசீமா கவனித்துவிட்டாள். "ஒருத்தர் என்னிக்கும் 'வாங்க'ன்னே சொன்னா அந்த வார்த்தையில தகவலே இல்ல," என்றாள், கரும்பலகைக் குரலில். "எல்லாக் கேள்விக்கும் சரின்னு டிக் பண்ற பையன் மாதிரி. 'வராதீங்க'ன்னு சொல்லத் தெரிஞ்சவர் 'வாங்க'ன்னு சொன்னாதான் அதுக்கு மதிப்பு."

பதினோரு அம்சப் பட்டியலை நான் கிழித்துப் போட்டேன்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு 4.35க்கு மணி அடித்தது. "பாய், அக்காவைக் கூட்டியாங்க. சீக்கிரம்."

5.05க்குக் கிளம்பினோம். வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் அந்த நேரத்தில் மாநகராட்சி லாரிகளும் நாய்களும் மட்டும்தான். கேளம்பாக்கத்தில் டீ, பதினைந்து ரூபாய், நசீமா குடிக்கவில்லை. 5.55க்குக் கோவளம். காரில்லாதவர்கள் தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கத்துக்குப் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடிக்கலாம். ஆனால் இந்த நேரத்துக்கு அதை நம்ப வேண்டாம். தேசிங்குவின் மையம் என்பது ஐஸ் கிடங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உடை மாற்றுவது குமாரியின் வீட்டில். அன்னப்பறவை கிடையாது. படகில் அவசர ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது, நான் கேட்காமலேயே திறந்து காட்டினார். விடுதியில் அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை.

படகை ஓட்டியவர் தேசிங்குவின் மச்சான் பாபு. கரையிலிருந்து ஆறு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். ஒன்பது மீட்டர் ஆழத்தில் பாறைகள் இருக்கும் இடத்தில் நங்கூரம் போட்டார்கள். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் தேசிங்கு இறக்குவார். நசீமா முதலில்.

முதுகில் சிலிண்டரோடு படகின் விளிம்பில் உட்கார்ந்தவள், அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கருநீலமாக ஏறி இறங்கியது. அவள் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்திருந்த விதம் எனக்குத் தெரிந்த விதம். எதிர்வீட்டு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரை அப்படித்தான் பிடித்திருந்தாள். ஐந்து நிமிடம் போனது. எட்டு நிமிடம் போனது. ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். பாபு என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வாயை மூடிக்கொண்டேன்.

ஏற்கெனவே தண்ணீரில் இறங்கி மிதந்துகொண்டிருந்த தேசிங்கு சாவகாசமாகக் கேட்டார்: "அக்கா, திரும்பிடலாமா? நான் இன்னும் டீகூட குடிக்கல."

"இவன் நாஷ்டாவுக்குத்தான் கரைக்குப் போறான், உங்களுக்காக இல்ல," என்றார் பாபு.

நசீமா சிரிக்கவில்லை. "இங்கேர்ந்து எத்தனை பேரை இறங்காமலே திருப்பிக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க?"

"இந்த வருசம் நாலு பேரு."

"அவங்க மறுபடி வந்தாங்களா?"

"ரெண்டு பேரு வந்தாங்க."

"ஐம்பது சதவீதம்," என்றாள். பிறகு முகமூடியை இறக்கி, குழாயைக் கடித்து, தேசிங்கு நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். திருப்பிக் கூட்டிப்போக ஒருவர் தயாராக இருக்கிறார் என்பது அவளுக்கு எப்படி இறங்குவதற்கான காரணம் ஆனது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இறங்கியிருக்க வேறு காரணம் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

அதன் பிறகு எனக்குக் குமிழிகள் மட்டுமே. முப்பத்தி ஒரு நிமிடம் நான் குமிழிகளைப் பார்த்தேன்.

"இன்னா பாய், கண்ணு கொட்டாம பாக்கறீங்க," என்றார் பாபு. "ரெண்டு கூட்டமா குமிழி வந்துகினே கீதா?"

"வருது."

"அப்ப ரெண்டு பேரும் மூச்சு வுட்றாங்க. நீங்களும் கொஞ்சம் வுடுங்க."

மேலே வந்ததும் நசீமா படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குழாயை எடுத்தாள். முகமூடிக்குள் கண்கள் இரண்டும் பெரிதாக இருந்தன. "ஏங்க, ஒரு மீன் கூட்டம் என்னை ரெண்டாப் பிரிஞ்சு சுத்திப் போச்சு. நூறு, நூத்தைம்பது இருக்கும். ஒண்ணுகூட என்மேல இடிக்கல. பல்லாவரம் டிராஃபிக்ல ஒரு நாளாவது இப்படிப் பாத்திருக்கீங்களா?" பிறகு, பாறைக்கடியில் ஒரு களவா மீன் வாயைத் திறந்து திறந்து மூடியதாகவும், அது பார்க்கத் தலைமையாசிரியை மாதிரியே இருந்ததாகவும் சொன்னாள். ஏணி பக்கத்திலேயே இருந்தது. அவள் ஏறவில்லை.

அடுத்து நான். என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று மீட்டரில் காது வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதினால் சரியாகிவிடும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்; ஆகவில்லை. ஒன்பதாவது நிமிடம் தேசிங்கு என்னை மேலே கொண்டுவந்து, "இன்னிக்கு உங்களுக்கு வேணாம் பாய்," என்றார். நான் வாதாடவில்லை. என் சிலிண்டரில் நிறையக் காற்று மீதியிருந்தது. அதை என்ன செய்வது என்று தேசிங்கு கேட்டு முடிப்பதற்குள் நசீமா முகமூடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

இப்போது, போகப் போகிறவர்களுக்கு. விடுதியா, தனி ஆளா என்பது சரியான கேள்வி அல்ல. அக்கறையுள்ள விடுதிகள் இருக்கும்; இறுக்கிக் கட்டச் சொல்லும் தனி ஆட்களும் இருக்கிறார்கள். யாராக இருந்தாலும் பயிற்சியாளர் அட்டையைக் கேளுங்கள், ஆக்சிஜனைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். கடைசியாக எப்போது ஒரு ஆளைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல வெகுநேரம் யோசித்தால் கிளம்பிவிடுங்கள். மருத்துவப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். தண்ணீர் அதைப் படிக்காமலே தெரிந்துகொள்ளும். சளி இருந்தால் போகாதீர்கள். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மூன்று ஞாயிறுகளாவது வீணாகும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் வீட்டில் சண்டை வராது.

திரும்பும் நேரத்தைப் பற்றி மட்டும் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. ஒன்பதரைக்குக் கரை சேர்ந்தோம். நான் குமாரியின் வீட்டில் குளித்து, இஸ்திரி போட்ட பேண்ட், சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். நசீமாவைக் காணவில்லை. கால் மணலைக் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவள், ரப்பர் உடையோடு இடுப்பளவு அலையில் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு அலையும் அவள்மேல் மோதி உடைந்தது. அடுத்ததற்கு அவள் ஓரடி முன்னால் போனாள். கூப்பிட்டேன். ஐந்து நிமிடம் என்று விரலைக் காட்டினாள். அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டேன்.

"நீங்க ஏன் அவ்வளவு தள்ளி நிக்கறீங்க?" என்று அங்கிருந்து கேட்டாள்.

பதினொன்றேகாலுக்குக் கிளம்பினோம். பேண்ட் வண்டலூர் வரும்வரை காயவில்லை. மாற்றுடை ஆளுக்கு இரண்டு செட் எடுத்துப் போங்கள்.